சொகுசு கார் விற்பனைக் கணக்கு: நம்பர் ஒன் யாருங்கிறதை எப்படிப் படிக்கணும்

ஒவ்வொரு ஜனவரியும் பொங்கலுக்கு முன்னாடியே பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ், ஆடி, லெக்சஸ், போர்ஷேன்னு ஒவ்வொரு கம்பெனியா போன வருஷம் எத்தனை கார் வித்தோம்னு அறிக்கை விட ஆரம்பிச்சிடுவாங்க. அடுத்த நாளே பேப்பர்லயும் யூட்யூப்லயும் யார் நம்பர் ஒன்னுன்னு வந்துடும், ஒரு இடத்துல பிஎம்டபிள்யூன்னு போட்டிருப்பாங்க, இன்னொரு இடத்துல மெர்சிடிஸ்னு இருக்கும், புதுசா படிக்கிறவங்களுக்கு இதுல எதை நம்புறதுன்னே தெரியாது. விஷயம் என்னன்னா ரெண்டுமே சரியா இருக்கலாம். எந்தெந்த வண்டியைச் சேர்த்து எண்ணினாங்க, எந்த ஊர்ல எண்ணினாங்க, எந்த மாசத்துலேர்ந்து எந்த மாசம் வரைக்கும் எண்ணினாங்கங்கிறதைப் பொறுத்து முதலிடம் கை மாறிடும். இதைக் கேட்டுப் பழகிட்டீங்கன்னா அந்த அறிக்கையை வச்சே எந்த கம்பெனி நல்லா இருக்கு, எது அடுத்த வருஷம் கஷ்டப்படப் போகுதுன்னு ஓரளவுக்கு நீங்களே சொல்லிடலாம்.

முதல்ல 2024 கணக்கைப் பார்த்துடலாம், ஏன்னா காத்து எந்தப் பக்கம் திரும்புச்சுன்னு நல்லா தெரியுற வருஷம் அது. உலகம் முழுக்க சேர்த்து பிஎம்டபிள்யூ பிராண்டு சுமார் 22 லட்சம் கார் வித்துச்சு. மெர்சிடிஸ் 19.83 லட்சம். ஆடி 16.71 லட்சம். ஜெர்மன்காரங்க இந்த மூணு பேரும்தான் பல வருஷமா முன்வரிசை. அதுக்கப்புறம் டொயோட்டாவோட லெக்சஸ் சுமார் 8.5 லட்சம், வால்வோ 7.63 லட்சம், போர்ஷே 3.1 லட்சம். இன்னும் மேல போனா எண்ணிக்கை சட்டுனு சுருங்கிடும், ஃபெராரி 13,752, லம்போர்கினி 10,687, பென்ட்லி பத்தாயிரத்து சொச்சம், ரோல்ஸ் ராய்ஸ் 5,712. ஒரே வருஷத்துல ஒரு கம்பெனி 22 லட்சம், இன்னொண்ணு ஆறாயிரம் கூட இல்ல, ரெண்டையும் ஒரே பட்டியல்ல வச்சு ஒண்ணாவது ரெண்டாவதுன்னு சொல்றதுலயே ஒரு சிக்கல் இருக்கு, அதைக் கொஞ்சம் கழிச்சுப் பார்ப்போம்.

யாரை உள்ள சேர்க்கிறது

சொகுசு கார்னா இதுதான்னு எந்த அரசாங்கமும் முத்திரை குத்திக் கொடுக்கிறது கிடையாது. பழக்கத்துல எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒரு பெயர் வரிசை இருக்கு, அவ்வளவுதான். அதனால ஓரத்துல இருக்கிறவங்களைச் சேர்க்கலாமா வேணாமான்னு சண்டை வருது. பெரிய சண்டை டெஸ்லாவைப் பத்தி. 2024ல டெஸ்லா சுமார் 17.9 லட்சம் வண்டி டெலிவரி பண்ணிருக்கு, சொகுசு பட்டியல்ல சேர்த்தா நேரா மூணாவது இடத்துக்கு வந்து ஆடியைக் கீழ தள்ளிடும். விலையைப் பார்த்தா சேர்க்கலாம், பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் வாங்க நினைச்ச நிறைய பேர் மாடல் 3 பக்கம் போனதும் உண்மை. ஆனா உள்ள இருக்கிற மெட்டீரியல், சர்வீஸ், ஷோரூம் அனுபவம் இதெல்லாம் வச்சுப் பார்க்கிறவங்க இது சொகுசு இல்லம்பாங்க. இன்னொரு தொல்லை, டெஸ்லா நாடுவாரியா எத்தனை வித்தோம்னு பிரிச்சுச் சொல்றதே இல்ல, அமெரிக்கால எவ்வளவு வித்துச்சுன்னு வர்றதெல்லாம் வெளியாட்கள் போட்ட மதிப்பீடு. என்னைக் கேட்டா டெஸ்லாவைத் தனியா ஒரு வரியில எழுதிட்டு மத்தவங்களைத் தனியா வரிசைப்படுத்துறதுதான் நியாயம், ஏன்னா ஒரு பக்கம் கம்பெனியே சொன்ன கணக்கு, இன்னொரு பக்கம் மதிப்பீடுன்னு கலந்தா ஒப்பிடவே முடியாது.

அடுத்தது பிராண்டா குரூப்பாங்கிற விஷயம். பிஎம்டபிள்யூ குரூப்புக்குள்ள பிஎம்டபிள்யூ, மினி, ரோல்ஸ் ராய்ஸ் மூணும் இருக்கு. 2024ல குரூப் மொத்தம் 24.5 லட்சம், அதுல மினி மட்டும் 2.45 லட்சம் கிட்ட. செய்தில 24.5 லட்சம்னு படிச்சுட்டு அதை மெர்சிடிஸோட 19.83 லட்சத்தோட ஒப்பிட்டா வித்தியாசம் ரொம்பப் பெருசா தெரியும், ஆனா அது பிராண்டையும் குரூப்பையும் கலந்து போட்ட கணக்கு. மெர்சிடிஸ் பக்கமும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு, அவங்க வேனும் விக்கிறாங்க. ஸ்ப்ரின்டர், வீட்டோ மாதிரி கூரியர்காரங்களும் ஆம்புலன்ஸ்காரங்களும் வாங்குற வண்டி. உலக அளவுல 2024ல வேன் மட்டும் நாலு லட்சத்துக்கு மேல, அதையும் சேர்த்தா மெர்சிடிஸ் கணக்கு 23.9 லட்சம் ஆயிடும், பிஎம்டபிள்யூ பிராண்டைத் தாண்டிடும்.

இதை அமெரிக்கா கணக்குல பார்த்தா இன்னும் பளிச்சுன்னு புரியும். 2024ல அங்க மெர்சிடிஸ் மொத்தமா வித்தது 3,74,101. பிஎம்டபிள்யூ 3,71,346. ஆக மெர்சிடிஸ்தான் முதலிடம்னு சொல்லிடலாம் போல இருக்கு. ஆனா மெர்சிடிஸ் கணக்குல 49,573 வேன் இருக்கு, அதைக் கழிச்சா கார் மட்டும் 3,24,528. இப்போ பிஎம்டபிள்யூ முதலிடத்துக்கு வந்துடுச்சு, அது மட்டும் இல்ல, அந்த வருஷம் 3,45,669 கார் வித்த லெக்சஸ் ரெண்டாவது இடத்துக்கு வந்து மெர்சிடிஸ் மூணாவதுக்குப் போயிடுச்சு. ஒரே வருஷம், ஒரே நாடு, யாரும் பொய் சொல்லல, வேனைச் சேர்க்கிறதா வேணாமாங்கிற ஒரே முடிவுல மூணு இடமும் மாறுது. சொகுசு கார் பட்டியல்ல வேனுக்கு என்ன வேலைன்னுதான் எனக்கும் தோணுது, கழிச்சுட்டுப் பார்க்கிறதுதான் சரி.

வித்தாச்சுன்னா என்ன அர்த்தம்

புதுசா பார்க்கிறவங்க அதிகமா கவனிக்காம விடுற இடம் இது. ஒரு கார் ஃபேக்டரியிலேர்ந்து வெளிய வந்து உங்க வீட்டு வாசல்ல நிக்கிறதுக்குள்ள பல கட்டம் தாண்டுது. கம்பெனி டீலருக்கு அனுப்புது, அது ஹோல்சேல். டீலர் கஸ்டமருக்கு விக்கிறாரு, அது ரீடெய்ல். ஆர்டிஓல பதிவாகுது, அது ரெஜிஸ்ட்ரேஷன். மூணும் மூணு வேற வேற எண்ணிக்கை. நம்ம நாட்டுலயே கார் தயாரிப்பாளர்கள் சங்கமான சியாம் மாசா மாசம் சொல்றது டீலருக்கு அனுப்பின கணக்கு, டீலர்கள் சங்கமான ஃபாடா சொல்றது வாகன் பதிவுலேர்ந்து எடுத்த ரீடெய்ல் கணக்கு. தீபாவளிக்கு முன்னாடி டீலர்கள் ஸ்டாக் ஏத்தும்போது முதல் கணக்கு ஏறும், ரெண்டாவது கொஞ்சம் தள்ளித்தான் ஏறும். ஹோல்சேல் ஏறிக்கிட்டே போயி ரெஜிஸ்ட்ரேஷன் அப்படியே நின்னா வண்டியெல்லாம் டீலர் யார்டுல வெயில்ல காயுதுன்னு அர்த்தம், சீக்கிரமே தள்ளுபடி வரும்.

இந்த எண்ணிக்கைக்காக கம்பெனிகள் எவ்வளவு தூரம் போவாங்கன்னு தெரிஞ்சுக்க ஒரு வழக்கு போதும். 2020 செப்டம்பர்ல அமெரிக்கப் பங்குச் சந்தை கண்காணிப்பு அமைப்பான எஸ்இசி, பிஎம்டபிள்யூ மேல நடவடிக்கை எடுத்துச்சு. 2015லேர்ந்து 2019 வரைக்கும் அமெரிக்க ரீடெய்ல் கணக்கை ஊதிக் காட்டினாங்கங்கிறதுதான் குற்றச்சாட்டு. எப்படி செஞ்சாங்கன்னு எஸ்இசி சொன்னதுல ரெண்டு வழி முக்கியம். ஒண்ணு, டீலர்களுக்குப் பணம் கொடுத்து வண்டியை டெமோ கார்னும், சர்வீஸுக்கு வர்றவங்களுக்குக் கொடுக்கிற லோனர் கார்னும் பதிய வச்சது, அப்படிப் பதிஞ்சா அது கஸ்டமருக்கு வித்த மாதிரி கணக்குல ஏறிடும். இன்னொண்ணு, நல்லா வித்த மாசத்துல கொஞ்சத்தைச் சொல்லாம ஒதுக்கி வச்சுட்டு, மந்தமான மாசத்துல டார்கெட்டை எட்ட அதை எடுத்துப் போட்டது. குற்றத்தை ஒப்புக்காமலும் மறுக்காமலும் பிஎம்டபிள்யூ 1.8 கோடி டாலர் அபராதம் கட்டி முடிச்சுக்கிச்சு. இந்தக் கணக்கையெல்லாம் நம்பித்தான் அவங்க பாண்டுல, அதாவது கடன் பத்திரத்துல, முதலீட்டாளர்கள் பணம் போட்டாங்க, அதனாலதான் விஷயம் எஸ்இசி வரைக்கும் போச்சு. வெறும் பெருமைக்கான பட்டியலா இருந்தா யாரும் கேட்டிருக்க மாட்டாங்க.

ஜெர்மனில டீலர்களே ஒரு நாளைக்குத் தங்களோட பேர்ல பதிஞ்சுட்டு மறுநாள் தள்ளுபடில விக்கிறது ரொம்ப காலமா நடக்கிற பழக்கம். சீனாவுல 2025ல இதே மாதிரி ஓடாத புது காரை யூஸ்டு கார்னு விக்கிறது பெரிய பேச்சாச்சு. அதனால டிசம்பர் மாசத்துல மட்டும் திடீர்னு ஒரு பிராண்டு எகிறினா, அடுத்த ஜனவரி பிப்ரவரி கணக்கையும் சேர்த்துப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

வருஷம்ங்கிறதும் எல்லாருக்கும் ஒண்ணு இல்ல. ஜெர்மன் கம்பெனிகளுக்கு ஜனவரிலேர்ந்து டிசம்பர். டாடாகிட்ட இருக்கிற ஜாகுவார் லேண்ட் ரோவருக்கு (ஜேஎல்ஆர்) ஏப்ரல்லேர்ந்து மார்ச். இந்தியால 2024 காலண்டர் வருஷத்துல ஆடி 5,816 கார் வித்துச்சு, ஜேஎல்ஆர் 2025 மார்ச்சோட முடிஞ்ச நிதியாண்டுல 6,183 வித்துச்சு, இதை வச்சுத்தான் ஜேஎல்ஆர் ஆடியைத் தாண்டிடுச்சுன்னு செய்தி வந்துச்சு. போக்கு என்னவோ சரிதான், ஆடி இறங்குது ஜேஎல்ஆர் ஏறுது, ஆனா ரெண்டும் ஒரே பன்னிரண்டு மாசம் இல்லங்கிறதை மனசுல வச்சுக்கிட்டுப் படிக்கணும்.

முதலிடம் எப்படி கை மாறுது

ஒரு பிராண்டு மேல ஜனங்களுக்குப் பிரியம் கூடினதாலதான் அது மேல போச்சுன்னு நாம நினைச்சுக்குவோம். பழைய கணக்கைப் பார்த்தா நிறைய தடவை காரணம் அது இல்ல, வண்டி செய்ய முடிஞ்சுதா இல்லையாங்கிறதுதான்.

அமெரிக்கால 2000லேர்ந்து 2010 வரைக்கும் பதினோரு வருஷம் தொடர்ந்து லெக்சஸ்தான் முதலிடம். 2011 மார்ச்ல ஜப்பான்ல பூகம்பமும் சுனாமியும் வந்துச்சு, பார்ட்ஸ் கிடைக்கல, ஃபேக்டரி நின்னுச்சு, அமெரிக்க ஷோரூம்ல விக்க வண்டி இல்ல. அந்த வருஷம் பிஎம்டபிள்யூ மேல வந்துடுச்சு. உலகக் கணக்குல 2005ல மெர்சிடிஸைத் தாண்டின பிஎம்டபிள்யூ பத்து வருஷம் அங்கேயே இருந்துச்சு, 2011ல ஆடி கூட மெர்சிடிஸைத் தாண்டி ரெண்டாவது இடத்துக்கு வந்துச்சு, மெர்சிடிஸ் புது டிசைன், நிறைய எஸ்யூவி, சீனாவுல கவனம்னு உழைச்சு 2016ல முதலிடத்தைத் திரும்பப் பிடிச்சுச்சு. அஞ்சு வருஷம் வச்சிருந்துட்டு 2021ல பிஎம்டபிள்யூகிட்ட விட்டுடுச்சு.

அந்த 2021தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம். சிப் தட்டுப்பாடு உச்சத்துல இருந்த வருஷம். மெர்சிடிஸ் கையில இருந்த சிப்பையெல்லாம் எஸ்-கிளாஸ், மேபாக் மாதிரி விலை கூடின வண்டிக்கு முதல்ல கொடுத்துச்சு, சின்ன வண்டி குறைஞ்சுது, மொத்த எண்ணிக்கை விழுந்துச்சு, பட்டியல்ல ரெண்டாவது இடம். ஆனா லாபம் நல்லா ஏறிடுச்சு, கார் பிரிவோட லாப விகிதம் 12 சதவீதத்தைத் தாண்டிடுச்சு. பட்டியலை மட்டும் பார்த்தவங்க தோத்துட்டாங்கன்னு நினைச்சாங்க, பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்தவங்களுக்கு வேற கதை தெரிஞ்சுது.

2024ல அடிவாங்கினது பிஎம்டபிள்யூ. கான்டினென்டல் கம்பெனி சப்ளை பண்ணின பிரேக் சிஸ்டத்துல கோளாறு இருந்ததால சுமார் 15 லட்சம் வண்டி சம்பந்தப்பட்டுச்சு, கொஞ்ச நாள் டெலிவரியை நிறுத்தி வச்சாங்க, செப்டம்பர்ல இந்த வருஷ லாபம் குறையும்னு எச்சரிக்கையே விட்டாங்க. அப்படியும் முதலிடத்தை விடல, ஏன்னா மெர்சிடிஸும் ஆடியும் அதே வருஷம் இறங்கினாங்க, ஆடி கிட்டத்தட்ட 12 சதவீதம் விழுந்துச்சு. முதலிடத்துல இருக்கிறவரும் இறங்கிட்டுத்தான் இருக்காருங்கிற தகவல் அந்தப் பட்டியல்ல எங்கயும் இருக்காது, போன வருஷத்தோட ஒப்பிட்ட சதவீதத்தையும் சேர்த்துப் பார்த்தாத்தான் கண்ணுல படும்.

எண்ணிக்கையும் பணமும்

ஃபெராரி 2023ல 13,663 கார் டெலிவரி பண்ணுச்சு. 2024ல 13,752. ஒரு வருஷத்துல கூடினது 89 கார். ஆனா வருமானம் கிட்டத்தட்ட 12 சதவீதம் கூடி 667 கோடி யூரோவைத் தொட்டுச்சு. எப்படின்னா விலை கூடின மாடலை அதிகமா வித்தாங்க, அதுக்கு மேல ஒவ்வொரு கஸ்டமரும் தனக்குன்னு கேட்கிற பெயின்ட், லெதர், கார்பன் ஃபைபர்னு சேர்க்கிற பணம். புக் பண்ணவங்க வருஷக்கணக்குல காத்திருக்கிற நிலைமையை அவங்க வேணும்னேதான் அப்படியே வச்சிருக்காங்க.

2024ல நூறு யூரோவுக்கு வித்தா வட்டி, வரிக்கு முன்னாடி கையில எவ்வளவு நின்னுச்சுன்னு பார்த்தா ஃபெராரிக்கு 28, போர்ஷேக்கு 14, மெர்சிடிஸ் கார் பிரிவுக்கு 8, பிஎம்டபிள்யூ கார் பிரிவுக்கு 6 சொச்சம். ஒவ்வொரு கம்பெனியும் கணக்கு போடுற விதத்துல சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கு, ஆனா வரிசை மாறாது. விற்பனைப் பட்டியலை அப்படியே தலைகீழா திருப்பி வச்ச மாதிரி இருக்கு பாருங்க. பெரிய பிராண்டுகளுக்கு எண்ணிக்கை தேவையில்லைன்னு இதுக்கு அர்த்தம் இல்ல. புது பேட்டரி தொழில்நுட்பத்துக்கும் சாஃப்ட்வேருக்கும் ஆயிரக்கணக்கான கோடி செலவாகுது, அதை 20 லட்சம் காருக்குப் பிரிச்சா ஒரு காருக்குக் கொஞ்சம்தான் வரும், மூணு லட்சம் காருக்குப் பிரிச்சா தாங்காது. போர்ஷே ஃபோக்ஸ்வாகன் குரூப்போட பிளாட்ஃபார்மை, அதாவது காரோட அடிப்படைக் கட்டமைப்பை, ஆடியோட பங்கு போட்டுக்கிறதுக்கு இதுதான் காரணம்.

மெர்சிடிஸ் தலைவர் ஓலா கலேனியஸ் 2022ல, இனிமே சின்ன வண்டி வகைகளைக் குறைச்சு உச்சி வண்டிகள்ல கவனம் வைப்போம்னு அறிவிச்சாரு. 2021 அனுபவத்துக்குப் பிறகு அது சரியான முடிவாத்தான் தெரிஞ்சுது. ஆனா அந்த உச்சி வண்டிகளை அதிகமா வாங்கினது சீனப் பணக்காரங்க, அங்க கை இறுகினதும் 2024ல மெர்சிடிஸோட உச்சிப் பிரிவு விற்பனை 14 சதவீதம் விழுந்துச்சு, முந்தின வருஷம் 12 சொச்சமா இருந்த லாப விகிதம் 8க்கு வந்துடுச்சு. ஒரே நாட்டை நம்பி விலையை ஏத்திக்கிட்டே போனா என்ன ஆகும்னு இதுல தெரிஞ்சுது.

இனி என்ன ஆகும், சீனாவைப் பாருங்க

சொகுசு கார் கம்பெனியோட அறிக்கை கையில கிடைச்சா நான் முதல்ல தேடுறது சீனா வரியைத்தான், மொத்தம் எவ்வளவுங்கிறதை அப்புறம்தான் பார்ப்பேன். மூணு ஜெர்மன் பிராண்டுக்கும் தனி நாடா பார்த்தா அதுதான் பெரிய சந்தை, 2024ல பிஎம்டபிள்யூ குரூப் அங்க 7.14 லட்சம், மெர்சிடிஸ் 6.83 லட்சம், ஆடி 6.5 லட்சம் கிட்ட. ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு கார் ஒரே நாட்டுல விக்குது. அந்த வருஷம் அங்க பிஎம்டபிள்யூ 13 சதவீதம், ஆடி 11, மெர்சிடிஸ் 7 இறங்குச்சு. போர்ஷே நிலைமைதான் மோசம், 2021ல சீனாவுல 95,000க்கு மேல வித்தவங்க 2024ல 57,000க்கு வந்துட்டாங்க, 2025ல 42,000 கிட்ட வந்து நிக்குது. நாலு வருஷத்துல பாதிக்கும் கீழ.

காரணம் ஒண்ணு ரெண்டு இல்ல. ரியல் எஸ்டேட் விழுந்ததுல பணக்காரங்களோட சொத்து மதிப்பு சுருங்குச்சு. 2025 ஜூலைல சொகுசு கார் மேல இருக்கிற தனி வரிக்கான விலை வரம்பை 13 லட்சம் யுவான்லேர்ந்து 9 லட்சமா குறைச்சாங்க, அதனால இன்னும் நிறைய மாடல் வரிக்குள்ள வந்துடுச்சு. ஆனா பெரிய காரணம் உள்ளூர் கார். செல்போன் கம்பெனியா நமக்குத் தெரிஞ்ச ஷாவ்மி 2024 மார்ச்ல எஸ்யூ7ங்கிற எலெக்ட்ரிக் செடானை 2,15,900 யுவானுக்கு இறக்குச்சு, அந்த வருஷத்துக்குள்ளயே 1.35 லட்சத்துக்கு மேல டெலிவரி பண்ணிடுச்சு. வாவேங்கிற சீனக் கம்பெனியோட தொழில்நுட்பத்துல வர்ற ஐட்டோ எம்9, கிட்டத்தட்ட 5 லட்சம் யுவான் விலை, அதாவது பிஎம்டபிள்யூ எக்ஸ்5 நிக்கிற இடத்துலயே வந்து நின்னுச்சு, 2024ல ஒன்றரை லட்சத்துக்கு மேல போச்சு. அங்க இருக்கிற இளசுங்களுக்கு ஸ்க்ரீன், வாய்ஸ் அசிஸ்டன்ட், தானா ஓடுற வசதி இதெல்லாம்தான் சொகுசு, எந்த லோகோ முன்னாடி இருக்குங்கிறது ரெண்டாம் பட்சம் ஆயிடுச்சு. ஆடியே இதைப் புரிஞ்சுக்கிட்டு சீனாவுக்குன்னு அங்க இருக்கிற எஸ்ஏஐசி கம்பெனி கூட சேர்ந்து, தன்னோட லோகோவான நாலு வளையம் இல்லாத தனி பிராண்டு ஆரம்பிச்சுச்சு. நூறு வருஷப் பெருமை உள்ள கம்பெனி தன்னோட வளையத்தையே கழட்டி வைக்குதுன்னா நிலைமை எவ்வளவு மாறிருக்குன்னு யோசிச்சுப் பாருங்க.

2025 கணக்குல இது அப்படியே தெரியுது. மெர்சிடிஸ் கார் விற்பனை சுமார் 18 லட்சத்துக்கு இறங்குச்சு, ஆடி 16.2 லட்சம், போர்ஷே 2.8 லட்சத்துக்கும் கீழ. பிஎம்டபிள்யூ குரூப் மட்டும் 24.6 லட்சத்தோட இருந்த இடத்துல நின்னுச்சு, சீனாவுல இழந்ததை ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஈடு கட்டுச்சு. அதுக்கு எலெக்ட்ரிக் வண்டியும் ஒரு காரணம். பிஎம்டபிள்யூ ஒரே மாடலைப் பெட்ரோல், டீசல், எலெக்ட்ரிக்னு ஒரே லைன்ல தயாரிக்கிற மாதிரி வச்சுக்கிச்சு, கஸ்டமர் எந்தப் பக்கம் சாய்ஞ்சாலும் சமாளிக்கலாம். 2024ல அவங்க குரூப் 4.26 லட்சம் முழு எலெக்ட்ரிக் வித்துச்சு, 13 சதவீத ஏற்றம், அதே வருஷம் மெர்சிடிஸ் எலெக்ட்ரிக் கார் 23 சதவீத இறக்கம். போர்ஷேயோட எலெக்ட்ரிக் கார் டைக்கான் விற்பனை பாதியா குறைஞ்சுது. போர்ஷே 2025ல எலெக்ட்ரிக் திட்டத்தைத் தள்ளி வச்சு பெட்ரோல் மாடலுக்கு ஆயுளை நீட்டினதுக்குப் பின்னணி இதுதான். மெர்சிடிஸுக்கு புது எலெக்ட்ரிக் சிஎல்ஏவும் ஜிஎல்சியும், பிஎம்டபிள்யூவுக்கு ஹங்கேரில தயாராகிற புது ஐஎக்ஸ்3யும் எப்படிப் போகுதுங்கிறதை வச்சுத்தான் அடுத்த ரெண்டு மூணு வருஷப் பட்டியல் அமையும்.

இன்னொரு பக்கம் அமெரிக்க வரி. 2025 ஏப்ரல்ல வெளிநாட்டுக் காருக்குக் கூடுதலா 25 சதவீதம் போட்டாங்க, அப்புறம் பேச்சுவார்த்தைல ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் மொத்தம் 15, பிரிட்டனுக்கு ஒரு லட்சம் வண்டி வரைக்கும் 10னு இறங்குச்சு. இதுல யாருக்கு எவ்வளவு வலின்னு தெரியணும்னா ஃபேக்டரி எங்க இருக்குன்னு பார்த்தா போதும். பிஎம்டபிள்யூவுக்கு சவுத் கரோலினால ஸ்பார்ட்டன்பர்க், எக்ஸ்3, எக்ஸ்5, எக்ஸ்7 எல்லாம் அங்கதான் தயாராகுது. மெர்சிடிஸுக்கு அலபாமால எஸ்யூவி ஃபேக்டரி. ஆடிக்கும் போர்ஷேக்கும் அமெரிக்கால ஒண்ணுமே இல்ல, ஆடி க்யூ5 மெக்சிகோலேர்ந்து வருது. ஜாகுவார் லேண்ட் ரோவருக்கு வரி போதாதுன்னு 2025 செப்டம்பர்ல சைபர் அட்டாக் வேற, ஒரு மாசத்துக்கும் மேல தயாரிப்பு நின்னு போச்சு, அந்தக் குழி அவங்க வருஷக் கணக்குல நல்லா தெரியும்.

நம்ம ஊர் பட்டியல்

இந்தியால 2024ல சுமார் 43 லட்சம் பயணிகள் வாகனம் வித்துச்சு, அதுல சொகுசு காரோட பங்கு ஒரு சதவீதம்தான். இந்தச் சின்ன இடத்துக்குள்ளயும் முதலிடம் மூணு பேரையும் சுத்தி வந்திருக்கு. 1990கள்லயே வந்தது மெர்சிடிஸ். 2007ல பிஎம்டபிள்யூ சென்னைக்குப் பக்கத்துல சிங்கபெருமாள் கோவில்ல ஃபேக்டரி திறந்து ரெண்டு வருஷத்துலயே முதலிடத்துக்கு வந்துச்சு, 2013ல ஆடி பிடிச்சுச்சு, 2015லேர்ந்து மறுபடி மெர்சிடிஸ். 2024ல மெர்சிடிஸ் 19,565, பிஎம்டபிள்யூ மினியையும் சேர்த்து 15,721. 2025ல மெர்சிடிஸ் லேசா இறங்கி 19,000 கிட்ட, பிஎம்டபிள்யூ ஏறி 18,000 கிட்ட வந்துடுச்சு. இடைவெளி ஒரே வருஷத்துல நாலாயிரத்துலேர்ந்து ஆயிரமா சுருங்கிடுச்சு, பத்து வருஷ முதலிடத்துக்கு இப்போதான் நிஜமான போட்டி.

இங்க வரிசையைத் தீர்மானிக்கிறதுல வரிக்குப் பெரிய பங்கு. முழுசா இறக்குமதியாகிற காருக்கு சுங்க வரி 110 சதவீதம் வரைக்கும் போகுது, பாகமா கொண்டுவந்து இங்க பூட்டி அசெம்பிள் பண்ணினா அதுல சின்னப் பங்குதான், அதனாலதான் மெர்சிடிஸ் புனே சாக்கன்லயும் பிஎம்டபிள்யூ சென்னைலயும் வால்வோ பெங்களூர் பக்கம் ஹொஸ்கோட்டேலயும் பூட்டுறாங்க. ஜிஎஸ்டி பெரிய காருக்கு செஸ்ஸோட சேர்த்து 48, 50 சதவீதமா இருந்தது 2025 செப்டம்பர் 22லேர்ந்து 40 ஆச்சு. எலெக்ட்ரிக்குக்கு 5 சதவீதம்தான். பிரிட்டனோட 2025 ஜூலைல போட்ட ஒப்பந்தப்படி கோட்டாவுக்குள்ள, அதாவது ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள்ள, வர்ற காருக்கு சுங்க வரி படிப்படியா 10 சதவீதத்துக்கு வரும். இதைப் படிச்சதும் லேண்ட் ரோவர் விலை எல்லாம் இறங்கிடும்னு நினைக்காதீங்க, இந்தியால ஜேஎல்ஆருக்கு அதிகமா ஓடுற டிஃபென்டர் பிரிட்டன்ல தயாராகல, ஸ்லோவாக்கியால தயாராகுது. ரேஞ்ச் ரோவர் ஏற்கெனவே புனேல பூட்டுறாங்க. டிஃபென்டருக்கு உதவக்கூடியது ஐரோப்பிய யூனியனோட 2026 ஜனவரில பேசி முடிச்ச ஒப்பந்தம்தான், அது நடைமுறைக்கு வரணும், அதுலயும் கோட்டா இருக்கு. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்துல டாடா 9,000 கோடி ரூபாய்ல ஃபேக்டரிக்கு 2024 செப்டம்பர்ல அடிக்கல் நாட்டினாங்க, ஜேஎல்ஆர் வண்டி அங்க தயாராகும்னு சொல்லிருக்காங்க, அது முழு வேகத்துல ஓட ஆரம்பிச்சா மூணாவது இடத்துக்கான கணக்கு மாறும்.

இப்போதைக்கு நம்ம பட்டியலை அசைக்கிறது எலெக்ட்ரிக்தான். 2025 ஜனவரில பிஎம்டபிள்யூ நீளம் கூட்டின ஐஎக்ஸ்1ஐ சென்னைலயே பூட்டி 49 லட்சத்துக்கு இறக்குச்சு, பெட்ரோல் எக்ஸ்1 விலைக்குப் பக்கத்துலயே. ஒரே ஷோரூம்ல ஒரே அளவு வண்டி, ஒண்ணுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி, இன்னொண்ணுக்கு 40க்குக் குறையாது, விலை கிட்டத்தட்ட சமம்னா வாங்க வர்றவங்க எலெக்ட்ரிக் பக்கம் திரும்புறது இயல்புதான். அந்த வருஷம் பிஎம்டபிள்யூ மெர்சிடிஸை நெருங்கினதுல இந்த ஒரு வண்டிக்கு நல்ல பங்கு இருக்கு. மெர்சிடிஸ் தன்னோட புது எலெக்ட்ரிக் சிஎல்ஏவை இங்க எந்த விலைக்கு வச்சு எத்தனை விக்குதுங்கிறதுலதான் அடுத்த ஜனவரில யார் பேர் மேல இருக்கும்ங்கிறது இருக்கு.